பெரியம்மா தூக்கிப் பார்த்த லப்டொப்

பெரியம்மா எதையும் முதலில் கண்ணால் பார்க்கமாட்டார். தூக்கித்தான் பார்ப்பார். சந்தையில் வத்தகைப்பழத்தை மற்றவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். அவர் இரண்டு கையாலும் எடுத்து, இடுப்பில் ஏற்றி, நாலெட்டு நடந்து, திரும்பி வந்து இறக்கி வைப்பார். பழக்காரர், "அக்கா, அது புள்ள இல்ல, பழம்" என்பார். பெரியம்மா சிரிக்கமாட்டார். "இது ஆத்தங்கரை மட்டும் வரும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த பழத்துக்குக் கையை நீட்டுவார்.

அவருடைய நிறுவைக்குக் கிலோவும் இல்லை, இறாத்தலும் இல்லை. மூன்று அளவுதான் உண்டு. சந்தி மட்டும் வரும், ஆத்தங்கரை மட்டும் வரும், முகாம் மட்டும் வரும். ஓட வேண்டி வந்தால் ஒரு பொருளை எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் கணக்கு. சந்தி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆற்றங்கரை என்று நாங்கள் சொல்வது வாவிக் கரையை. அதற்கு வயல் வட்டையைத் தாண்டி நடக்க வேண்டும். முகாம் என்பது தோணியேறி எழுவான்கரைக்குப் போய், களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஏதாவதொரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரிக்கிற இடம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்களுக்கு அந்த வழி மனப்பாடம். சண்டை வந்தால் ஓடுவோம். ஓய்ந்தால் திரும்பி வந்து கூரை மேய்வோம்.

ஊரில் அவருக்குத் 'தராசு' என்று பட்டம். அவருக்கும் அது தெரியும். தோணிகள் கரைக்கு வருகிற நேரத்தில் அவர் தலை தெரிந்தால், "தராசு வருகிது, கூடையை மூடுங்கடா" என்று மீன்காரர்கள் சத்தம் போடுவார்கள். "மூடினாலும் பாரம் குறையாது" என்று அவர் பதில் சொல்லிக்கொண்டே வந்து கூடையைத் தூக்குவார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஒரு தாய் வயிற்றுப் பெண்கள் ஒரே வளவைப் பிரித்து அடுத்தடுத்துக் குடியிருப்பார்கள். பெரியம்மா என் அம்மாவின் மூத்த சகோதரி. அவருடைய வளவுக்கும் எங்களுடையதற்கும் நடுவே வேலி இருந்தது. அந்த வேலியில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளியும் எப்போதும் இருந்தது. யாராவது அதை அடைத்தால் மறுநாள் பெரியம்மா பிரித்துவிடுவார்.

ஒரு கலியாண வீட்டில் பெண்ணுக்குக் கொடுக்கிற முதிரை அலுமாரியை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கண்ணாடி பதித்த கதவு, பித்தளைக் கைப்பிடி. பெண்ணின் தாய் பெருமையோடு நின்றார். பெரியம்மா தோளைக் கொடுத்து அதை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"இது வாசல் மட்டும்கூட வராதே" என்றார்.

"அது ஏனக்கா வாசலுக்கு வரணும்? அறைக்குள்ள நிக்கத்தானே வாங்கினது."

"உங்கட மகளும் அறைக்குள்ளயே நிப்பாளா?"

அந்தத் தாய் பிறகு வெகுகாலம் பெரியம்மாவோடு கதைக்கவில்லை. அதற்காகப் பெரியம்மா வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. கலியாண வீட்டிலிருந்து வரும்போது தனக்குக் கிடைத்த பலகாரப் பையைத் தூக்கிப் பார்த்து, "இது முகாம் மட்டும் வரும்" என்று என்னிடம் தந்தார். வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே நான் அதை முடித்துவிட்டேன்.

அவருக்கு ஒரே மகள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கலியாணம் முடித்து நாவற்குடாவில் இருந்தாள். நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் சரித்து வைப்பாள். அதன் கதையை அக்கா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் ஒருமுறை எல்லோரும் ஓடினார்களாம். பெரியப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். தையல் மெஷின்தான் அந்த வீட்டுக்குச் சோறு. பெரியம்மா மெஷினின் தலைப்பகுதியைக் கழற்றிச் சேலையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார். அக்காவுக்கு அப்போது ஏழு வயது. அவளையும் தூக்க ஏலாது. கையைப் பிடித்து நடக்க வைத்தார். வாவியின் ஆழமில்லாத இடத்தில் தண்ணீருக்குள் இறங்கி நடந்தபோது மட்டி ஓடு அக்காவின் காலை ஆழமாகக் கிழித்துவிட்டது. முகாமில் அந்தப் புண் சீழ் பிடித்தது. ஆறுவதற்கு மாதக் கணக்காயிற்று. ஆறிய பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து படிக்க வெட்கம்.

அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். "அம்மாட்ட கேளு, மெஷினுக்கு ஒரு கீறலும் இல்ல."

பெரியம்மா சில நேரம், "அந்த மெஷின்தான் உனக்குத் தாலிக்கொடியும் போட்டது" என்பார். சில நேரம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

நான் கம்பஸுக்கு எடுபட்டபோது எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் பெருவிரல். பெரியம்மாவும் பெருவிரல். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அந்தப் பெருவிரல்கள் வைத்த இடத்தில் எல்லாம் என்னுடைய பெயரும் இருந்தது. எடுத்த பாடம் கணினி. பேப்பரில் கணினியைப் படித்து, பேப்பரிலேயே சோதனை எழுதிக் கம்பஸுக்குப் போனவள் நான். அங்கே லாப்பில் ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் மூன்று பேர் இருப்போம். பொடியன்கள் விசைப்பலகையை விடமாட்டார்கள். பின்னால் நின்று எட்டிப் பார்த்துப் படிக்கிறதில்லை என்று முதல் தவணையிலேயே முடிவெடுத்துவிட்டேன். சொந்தமாக ஒன்று வேண்டும்.

அப்பா அந்தப் போக வேளாண்மை நெல் விற்ற காசைத் தருவதாகச் சொன்னார். கம்பஸில் கேட்டால் எல்லோரும், "செற்றா வாங்கு. பெரிய மொனிட்டர், நல்ல ஸ்பீட், பழுதானால் இஞ்சயே திருத்தலாம்" என்றார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்கள் ஊருக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. அப்பா மேசை செய்யப் பலகைகூடப் பார்த்துவிட்டார்.

பெரியம்மா வேலி இடைவெளியால் வந்தார். "கொம்பியூட்டர் எண்டா அந்த ரீவி மாதிரிப் பெட்டியா?"

"ஓம் பெரியம்மா. அதோட இன்னொரு பெட்டியும்."

"ரெண்டு பெட்டி." அவர் அப்பாவைப் பார்த்தார். "நீங்க ஒண்டு, பெண்சாதி ஒண்டு. அப்ப உடுப்பை ஆரு தூக்குவா? அரிசியை ஆரு தூக்குவா?"

அப்பா பலகைக் கதையை அதோடு விட்டுவிட்டார். பெரியம்மா சொன்னால் அப்பா மறுத்துக் கதைப்பதில்லை. மடிக்கிற கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னதும் பெரியம்மா மறுநாளே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "நானும் வாறன். நீ கண்ணால பாத்து ஏமாந்துருவாய்."

மட்டக்களப்பு நகரத்தில் அந்தக் கடையை நடத்தியவர் ஒரு பறங்கிக் குடும்பத்தவர். கொழும்பிலிருந்து பாவித்த லப்டொப் எடுப்பித்துத் திருத்தி விற்பார். கண்ணாடி அலுமாரிக்குள் ஐந்தாறு வைத்திருந்தார். நான் மனதில் குறித்து வைத்திருந்தது வெள்ளி நிறத்தில் அகலமான ஒன்று. மெமரி கூட, திரை பெரிசு. எங்கள் வகுப்பில் ஒருவனிடம் அதே மாதிரி இருந்தது. அவன் அதை விரிக்கும்போது எல்லோரும் சுற்றி நிற்பார்கள். நானும் அப்படி விரிக்க வேண்டும் என்பதுதான் உள்ளுக்குள் இருந்த ஆசை.

கடைக்காரர் அதை எடுத்து மேசையில் வைத்து விளக்கம் சொல்லத் தொடங்கினார். பெரியம்மா அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. லப்டொப்பைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடை வாசலைத் தாண்டி றோட்டுக்கு இறங்கிவிட்டார்.

"அம்மா, எங்க கொண்டு போறீங்க?" கடைக்காரர் பின்னால் ஓடினார்.

"களவெடுக்கல்ல மகன். ஓடிப் பாக்கிறன்."

உண்மையாகவே ஓடினார். பக்கத்துப் புடவைக்கடை வரையும் ஓடி, அங்கே நின்று கையை மாற்றி, திரும்பி வந்தார். புடவைக்கடைப் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு லப்டொப்பை மேசையில் வைத்தார்.

"இது ஆத்தங்கரை மட்டும்தான்."

அலுமாரியின் கீழ்த்தட்டில் கறுப்பாக, சின்னதாக, மூலை தேய்ந்த ஒன்று இருந்தது. பெரியம்மா அதைக் காட்டினார். "அது பழசு அம்மா. மெமரி குறைவு. தங்கச்சிக்குக் காணாது" என்றார் கடைக்காரர். பெரியம்மா அதை ஒரு கையால் தூக்கினார். மற்றக் கைக்கு மாற்றினார். அதோடு ஓடிப் பார்க்கவும் இல்லை.

"முகாம் மட்டும் வரும். அங்கால கல்குடா மட்டும் போகச் சொன்னாலும் வரும்."

"பெரியம்மா, கொம்பியூட்டர மூளையப் பாத்துத்தான் வாங்கணும். பாரத்தப் பாத்து வாங்க இது என்ன மரவள்ளிக் கிழங்கா?"

"மூளை உனக்கு இரிக்கிதானே. அதுக்கும் எதுக்கு?"

கடைக்காரர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். நான் வாதாடினேன். படிக்கிறவள் நான், எனக்குத்தான் தெரியும் என்றேன். பெரியம்மா வெள்ளி லப்டொப்பை எடுத்து என் கையில் வைத்தார். "இஞ்ச இருந்து கல்லடிப் பாலம் மட்டும் நட. நடந்து வந்து சொல்லு, வாங்கித் தாறன்." நான் வாசல் வரையும் போனேன். வெயில் கொளுத்தியது. ஒரு கையில் அது, தோளில் என் பை. திரும்பி வந்து வைத்துவிட்டேன். சின்னதுதான் என்று முடிவாயிற்று.

அடுத்த கேள்வி அதற்குள் எதைப் போடுவது என்பது. புது விண்டோஸை இது தாங்காது என்றார் கடைக்காரர். பழைய விண்டோஸ் போடலாம், ஆனால் கம்பஸ் வேலைக்குத் தேவையான மற்றதையெல்லாம் அதன்மேல் ஏற்றினால் மூச்சு முட்டும். என் பையில் ஒரு சீடி இருந்தது. கம்பஸில் சீனியர் அண்ணா ஒருவர் லினக்ஸ் சீடிகளைக் கோயில் திருநீறு மாதிரி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு திரிவார். வாங்கியவர்கள் அதைக் கண்ணாடியாகப் பாவித்துத் தலை சீவினார்கள். நான் மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

"லினக்ஸா? போட்டுத் தருவன் தங்கச்சி. ஆனா பாட்டு ஓடல்ல, படம் ஓடல்ல எண்டு என்கிட்ட வந்து அழக்கூடாது."

நான் யோசித்தேன். லினக்ஸ் என்றால் வகுப்பில் ஒருவரும் உதவிக்கு வரமாட்டார்கள். எல்லாம் நானே பார்க்க வேண்டும். விண்டோஸ் என்றால் எல்லோரிடமும் இருப்பது, கேட்டால் யாரும் சொல்லித் தருவார்கள். அதைத் தடக்குத் தடக்கென்று இழுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பக்கமும் மாறி மாறி நினைத்துக்கொண்டு நின்றபோது பெரியம்மா கேட்டார்.

"மகன், அந்த ரெண்டில எது பாரம்?"

கடைக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "லினக்ஸ்தான் பாரம் குறைவு அம்மா. இந்த மிசினுக்கு அதுதான் லேசு" என்றார்.

"அப்ப அதையே போடுங்க."

கம்பஸில் யாராவது ஏன் லினக்ஸ் என்று கேட்டால் நான் நீளமாக விளக்கம் சொல்வேன். சுதந்திரம், பாதுகாப்பு, எல்லாம் அதில் வரும். பென் டிரைவோடு வருகிற வைரஸ் என்னுடையதில் ஏறாது என்பேன். பெரியம்மா சொன்ன காரணத்தைச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாகக் கட்டளை எழுதி, தப்பாகி, மறுபடி எழுதி, நான் படித்தது வேறு யாரும் படிக்காத படிப்பு. இரண்டாம் வருடத்தில் பொடியன்கள் என் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

கிழமை நாட்களில் நாவற்குடாவில் அக்கா வீட்டில் தங்கிக் கம்பஸ் போனேன். லீவுக்கு ஊருக்கு வருவேன். நான் வேலை செய்யும்போது பெரியம்மா பக்கத்தில் இருந்து அரிசியில் கல் பொறுக்குவார். இருட்டுவதற்குள் லப்டொப் அதன் பைக்குள் போக வேண்டும், பை வாசலடியில் இருக்க வேண்டும். இது அவருடைய சட்டம்.

பற்றரி நீண்டகாலம் உழைக்க வேண்டுமென்றால், கரண்டில் வேலை செய்யும்போது அதைக் கழற்றி வைக்கச் சொல்லிக் கம்பஸில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே செய்வேன். முதல் தரம் நான் பின்பக்கத்துக் கறுப்புக் கட்டையை உருவி எடுத்தபோது பெரியம்மா சுளகை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அது இல்லாமலும் ஓடுதா?"

"ஓடும் பெரியம்மா. கரண்ட் இரிந்தா ஓடும்."

அவர் பற்றரியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். அதன் அளவுக்கு அது நல்ல பாரம். "சும்மா கிடக்கிற ஒண்டுக்கு இவ்வளவு பாரமா" என்று திருப்பித் தந்தார்.

இறுதி வருடத்தில் நிலைமை மோசமாகிக் கம்பஸை மூடினார்கள். ஆய்வு எழுதி முடிக்க வேண்டும் என்று ஊருக்கு வந்தேன். அது முழுக்க லப்டொப்புக்குள்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் செல் குண்டு விழத் தொடங்கியது. முதலில் வட்டைக்கு அப்பால், பிறகு வட்டைக்குள். அப்பாவும் நானும் மாடுகளை அவிழ்த்துவிட ஓடினோம். அம்மா அரிசியைக் கட்டினார். பெரியம்மா வேலி இடைவெளியால் வந்து எங்கள் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, பாரமானதை வெளியே எடுத்துப்போட்டார். என் சப்பாத்து வெளியே போயிற்று. இரண்டு தடித்த புத்தகங்கள் வெளியே போயின. நான் திரும்பி வந்தபோது லப்டொப் பை அவருடைய தோளில் இருந்தது. "இது நான். நீ அரிசியத் தூக்கு" என்றார். நான் திறந்து பார்க்கவில்லை. பெரியம்மா கட்டிய மூட்டையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வட்டை வரம்பால் நடந்து ஆற்றங்கரைக்கு வந்து, தோணியேறி, எழுவான்கரையில் இறங்கினோம். இறங்கிய இடத்தில் ஆமியின் சென்ரி. வரிசையில் நின்று பைகளைத் திறந்து காட்ட வேண்டும். எங்கள் பையைச் சோதித்தவன் என் வயதுக்காரனாக இருப்பான். கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. லப்டொப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"இது யாரது?"

"என்னுடையது. கம்பஸ் ஸ்டூடன்ட்" என்றேன். அடையாள அட்டையைக் காட்டினேன்.

"போடு. லைட் போடு."

நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பின்பக்கம் திருப்பினேன். பற்றரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதற்குள் அவன் விரலை விட்டுப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. "இது உள்ள என்ன எடுத்தது? என்ன வைக்கிறது இதுல?"

"பெரியம்மா, பற்றரி எங்க?"

"அந்தக் கறுப்புக் கட்டையா? அது பாரமெண்டு மேசையில வச்சிட்டன். அது இல்லாமலும் ஓடும்தானே புள்ள?"

"கரண்ட் இரிந்தாத்தானே பெரியம்மா" என்றேன். அந்தக் கரையில் கரண்டுக்கு எங்கே போவது? அவருடைய மடியில் கட்டியிருந்த துணியில் சார்ஜர் வயர் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

சிப்பாய் லப்டொப்பைத் தனியாக ஒரு மேசையில் வைத்தான். என் பெயரை எழுதிக்கொண்டான். பின்னேரம் ஆமிக் காம்ப் ட்ரக் வரும், அதற்குள் வேலை செய்ய வைத்துக் காட்டினால் தருவான், இல்லாவிட்டால் அதோடு என் பெயரும் காம்புக்குப் போகும், பிறகு கூப்பிடுவார்கள் என்று விளங்கும்படி சொன்னான். கூப்பிடுவார்கள் என்ற சொல்லைக் கேட்டு அம்மா அப்படியே மணலில் இருந்துவிட்டார். அந்தக் காலத்தில் காம்புக்குக் கூப்பிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

பெரியம்மா அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம், "அதுக்குள்ள உன்ட படிப்பும் இரிக்கா?" என்று கேட்டார்.

"ஓம் பெரியம்மா. எல்லாம் அதுக்குள்ளதான்."

அவர் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். தோணிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அப்பா முன்னால் போய் மறித்தார், தான் போவதாகச் சொன்னார்.

"நீங்க போனா அங்கால ஒருத்தன் பிடிப்பான், இஞ்சால ஒருத்தன் பிடிப்பான். ஆம்பிளைக்குத் திரும்பி வர வழியில்ல. என்னை ஆரு பிடிக்கப்போறா?"

நான் போகிறேன் என்றேன். அவர் என்னைத் தாண்டி நடந்தார். அம்மா எழுந்து ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தார். "அக்கா, உங்களுக்கு விசரா? விட்டது விட்டதுதான், திரும்பிப் போகக்கூடாது எண்டு நீங்கதானே சொல்லுவீங்க."

"நான் சொல்லி நீங்க எதைக் கேட்டீங்க? இண்டைக்கு மட்டும் ஏன் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

அவரை ஏற்றிக்கொண்டது ஊரில் கூடையை மூடச் சொல்லிக் கத்துகிற அதே மீன்காரர்களில் ஒருவர். அவருக்கும் ஆட்களை ஏற்ற அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. "தராசக்கா, நடுவில இரிங்க. உங்கட பாரத்துக்குத் தோணி சரியும்" என்றார். "நீ கதையை விட்டுப்போட்டுத் தாங்கு" என்று பெரியம்மா சொன்னது கரைக்குக் கேட்டது. தாங்கு என்றால் கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளுவது.

அவர் போன பிறகு எதிர்க்கரையில் புகை எழும்பியது. எங்கள் ஊர்ப் பக்கமா, அதற்கு அடுத்த ஊரா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அம்மா என் தோளைப் பிடித்தார். எனக்கு இன்னொரு பயமும் வந்தது. பற்றரி வந்தாலும் திரையில் என்ன வரப்போகிறது? மற்றவர்களுடையதில் வருகிற நீல வானமும் பச்சை மேடும் சென்ரியில் நிற்கிறவனுக்கும் தெரியும். என்னுடையதில் வெள்ளை எழுத்துகள் வரிசை வரிசையாக ஓடும். பழக்கமில்லாத ஒருவனுக்கு அது இரகசியச் செய்தி மாதிரித்தான் தெரியும். விண்டோஸ் போட்டிருக்கலாம். எல்லோரையும் போல இருந்திருக்கலாம். பெரியம்மாவைப் போகவிடாமல் லப்டொப்பைக் கைவிட்டிருக்கலாம் என்றும் நினைத்தேன். தோணிகள் வந்தன. ஆட்கள் இறங்கினார்கள். அவர் அவற்றில் இல்லை.

வெயில் சாயும்போது வந்த தோணியில் இருந்தார். கரை வருவதற்கு முன்பே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடிக்காமல் நடந்து வந்தார். இரண்டு கையும் நெஞ்சோடு சேர்ந்திருந்தன. கிட்ட வந்து ஈரம் படாத துணியை விரித்தார். பற்றரி. சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பிள்ளையை வாங்குவது போல நான் அதை வாங்கினேன்.

சிப்பாயின் முன்னால் அதைப் பூட்டினேன். பொத்தானை அழுத்தினேன். பச்சை வெளிச்சம் வந்தது. கறுப்புத் திரை, பிறகு எழுத்துகள், ஓடிக்கொண்டே இருந்தன.

அவன் ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். "மே மொகத? என்ன இது? விண்டோஸ் இல்ல." பக்கத்தில் நின்றவனைக் கூப்பிடத் திரும்பினான்.

நான் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். பெரியம்மா என்னை ஒதுக்கிவிட்டு மேசைக்குக் கிட்டப் போனார். ஈரச் சேலையிலிருந்து மேசைக் காலடியில் தண்ணீர் சொட்டியது.

"ஒள்ளுப்பம் பொறுங்க மகன். அது இப்பதானே எழும்புது. முகம் கழுவிப்போட்டு வரும்."

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பெரியம்மா தன் முகத்தைக் கையால் கழுவுவது போலக் காட்டினார். அவன் வாய் கோணியது. சிரிப்பை விடக்கூடாத இடத்தில் சிரிப்பு வந்தவனைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டான். இரண்டு பேரும் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய மிசின், அவசரப்படவில்லை. எழுத்துகள் நின்றன. திரை வெளுத்தது. நான் கடவுச்சொல்லை அடித்து, ஆய்வைத் திறந்து காட்டினேன். பக்கங்கள், படங்கள், கீழே என் பெயர். அவன் இரண்டு பக்கம் உருட்டிப் பார்த்தான். எழுதி வைத்திருந்த என் பெயரின்மேல் பேனையால் ஒரு கோடு இழுத்தான்.

"ஹரி. யன்ன" என்றான். போகலாம்.

றோட்டில் எங்களோடு நிறையப் பேர் நடந்தார்கள். ட்ரக் ஒன்று எங்களைக் கடந்து சென்ரிப் பக்கம் போயிற்று. அம்மா பெரியம்மாவோடு கோபமாக இருந்தார், முன்னால் நடந்தார். லப்டொப் பை என் தோளில் இருந்தது. பெரியம்மாவின் கைகள் இரண்டும் வெறுமையாக ஆடின. அவரிடம் வேறு மூட்டையும் இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். காலையில் வந்தபோதும் அவர் தன்னுடையதென்று ஒன்றும் கொண்டு வரவில்லை, என் பையைத்தான் தூக்கினார்.

"பெரியம்மா, உங்கட வீட்டுக்கயும் போனீங்களா?"

"போனன். கதவு திறந்து கிடந்திச்சி. சாத்திப்போட்டு வந்தன்."

"அப்ப உங்கட சாமான் எதையும் எடுக்கல்லையா? தோணிதானே. எவ்வளவும் ஏத்தியிரிக்கலாமே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். படித்த பிள்ளை இப்படிக் கேட்கிறதே என்பது போல இருந்தது.

"கை ரெண்டிலயும் அந்தக் கட்டை இரிந்திச்சே புள்ள" என்றார்.